இரும்புக்கும் பொன் என்றே பெயர்

"எத்தனை பவுன் போடுவீர்கள்?"

பெண் பார்க்க வந்த வீட்டில், பலகாரத் தட்டு கைமாறி முடிவதற்குள் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. பெண் என்ன படித்தாள், என்ன பணி செய்கிறாள், எதை விரும்புகிறாள் என்பவையெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டிய கேள்விகள். சில வீடுகளில் அவை எழுவதே இல்லை! ஓர் எண் சொல்லப்படுகிறது, பேரம் நடக்கிறது, எண் ஏறுகிறது. எண் ஏற ஏறத் தந்தையின் முகம் இறங்குகிறது. பேசி முடித்த பின், "நல்ல இடம்" என்கிறார்கள். இடம் நல்லதா என்பதை எதைக்கொண்டு அளந்தார்கள்? பவுனைக்கொண்டு அளந்தார்கள்.

மாலை வேளையில் கோவை ஆர்.எஸ்.புரத்துத் திவான் பகதூர் சாலை வழியே நடந்து பாருங்கள். கண்ணாடிப் பேழைக்குள் கழுத்தில்லாக் கழுத்தணிகள். விளக்கொளியில் மின்னும் வளையல்கள். வெளியே நின்று விலை கேட்கவும் அஞ்சும் விழிகள். ஆர்.எஸ்.புரம் என்பது இரத்தினசபாபதிபுரம். கோவை நகராட்சித் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பது. அந்த முதலெழுத்துகளை விரித்தால் இரத்தினம் என்பது மணி. சபாபதி என்பது பொன்னம்பலத்துக்கு உடையவன். பக்கத்திலேயே பொன்னையராஜபுரம்! தெருவின் பெயரில் பொன், கடையின் பேழையில் பொன், திருமணப் பேச்சில் பொன், பிள்ளையைக் கொஞ்சும்போதும் பொன்!

பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. மாற்றறிய உரைகல் உண்டு. பொன் என்னும் சொல்லை நிறுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? உலோகத்தைப் பேழைக்குள்ளேயே விட்டுவிட்டு, அதன் பெயரை மட்டும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம், தோழர்களே! நமக்கு வேண்டிய உண்மை அதில் கிடைக்கிறது.

உலக மொழிகள் பொன்னுக்கு இட்ட பெயர்களைத் திரட்டிப் பார்த்தால், பெயரிட்டவர்களில் பெரும்பாலோர் விலையைக் கண்டு பெயரிடவில்லை, நிறத்தைக் கண்டே பெயரிட்டனர் என்பது விளங்கும். ஆங்கிலேயர் 'கோல்ட்' என்கின்றனர். ருஷியர் 'ஸோலத்தா' என்கின்றனர். பாரசீகர் 'ஸர்' என்கின்றனர். வடமொழியாளர் 'ஹிரண்யம்' என்றனர். ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாதவை போல ஒலிக்கும் இந்த நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. அந்த வேரின் பொருள் மஞ்சள் நிறம், ஒளிர்தல் என்பதே. உரோமர் 'ஔரம்' என்றனர். அது வைகறையைக் குறிக்கும் 'ஔரோரா' என்னும் சொல்லோடு உறவுடையது என்பர். விடியற்காலையின் நிறத்தை மண்ணுக்குள் கண்டவன் வைத்த பெயர் அது!

கிரேக்கர் பொன்னுக்கு வழங்கிய 'க்ருசோஸ்' அவர்கள் வீட்டுச் சொல்லன்று. பாபிலோனியர் 'ஹுராசு' என்று வழங்கிய செமித்தியச் சொல்லின் இனம் அது. வணிகரோடு கடல் கடந்து வந்தது. சரக்கு வந்த வழியே சொல்லும் வந்தது.

கடலுக்கு அப்பால் மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் மக்களின் மொழியிலோ பொன்னுக்கு வழங்கிய சொல்லின் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? 'தேவனின் கழிவு'! வெள்ளியும் அதே பெயரில்தான் வழங்கியது. வெண்மை, மஞ்சள் என்னும் அடைமொழி சேர்த்து இரண்டையும் பிரித்தறிந்தனர். அந்தக் கழிவைத் தேடித்தான் 1519 இல் கோர்த்தஸ் என்னும் ஸ்பானியன் சிலுவையும் வாளும் ஏந்திக் கரையிறங்கினான். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் தலைநகரம் இடிபாடாயிற்று. பெரு நாட்டு மன்னன் அதவால்பா 1532 இல் சிறைப்பட்டான். தன் விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையப் பொன் குவித்துக் கொடுத்தான். பொன்னையும் பெற்றுக்கொண்டு 1533 இல் அவன் உயிரையும் பறித்தனர் நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள்! தேவனின் கழிவு என்று ஒரு மக்கள் பெயரிட்டனர். நம் நாட்டிலோ தேவனுக்கே அதில் கவசம் செய்து சாத்துகின்றனர். பொருள் ஒன்றுதான். மதிப்பு எங்கே இருக்கிறது? பொருளிலா, பார்ப்பவன் மனத்திலா?

இனிச் சீனத்துக்கு வருவோம். சீனர் பொன்னை 'ஜின்' என்கின்றனர். அந்தச் சொல் பொன்னுக்கு மட்டும் உரியதன்று. உலோகம் என்னும் பொதுப்பொருளும் அதற்கு உண்டு. மரம், தீ, மண், உலோகம், நீர் என்று ஐந்தாக அவர்கள் உலகைப் பகுத்தபோது, உலோகத்துக்கு நின்ற சொல்லும் அதுவே. இதைப் படிக்கும் தமிழனுக்கு வியப்பு வரவேண்டியதில்லை. அவன் வீட்டிலும் இதே கதைதான்!

'பொன்' நம்முடைய சொல். கடன் வாங்கியதன்று. மலையாளத்தில் பொன்னு, துளுவில் பொன்னு, குடகிலும் அதுவே. கன்னடத்தில் 'ஹொன்னு'. பால் 'ஹாலு' ஆனதுபோல, பூ 'ஹூவு' ஆனதுபோல, பகரம் ஹகரமாகத் திரிந்த பொன்! நம் கோவைக்கு வடமேற்கே நிற்கும் நீலகிரியில், கொல்லுத் தொழிலில் பெயர்பெற்ற கோத்தர் நாவிலும் அது 'பொன்' தான். 1856 இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, இம்மொழிகள் ஒரு குடும்பம் என்று உலகுக்கு நாட்டினாரே, அந்தக் குடும்பத்தின் பொதுச் சொத்து இச்சொல். பொலிவு, பொற்பு என்னும் சொற்களோடு இதற்கு உறவு காட்டுவர் சொல்லாராய்ச்சியாளர்.

அந்தப் பொன் பழந்தமிழில் எதைக் குறித்தது? மஞ்சள் உலோகத்தை மட்டுமா? இல்லை! வெள்ளி 'வெண்பொன்', இரும்பு 'கரும்பொன்', ஐந்து உலோகங்களின் கலவைக்கு இன்றும் 'ஐம்பொன்' என்றே பெயர். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில், சூதில் பெற்ற வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். அந்த இரும்பு முள்ளைக் குறிக்க அவர் ஆண்ட சொல் எது? பொன்! மீனவன் தூண்டிலில் தங்கத்தையா மாட்டியிருப்பான்? இரும்பைத்தான் பொன் என்றார் பெருந்தகை. படித்தவர் எவரும் திகைக்கவில்லை. ஏனெனில் அன்று இரும்புக்கும் பொன் என்றே பெயர்.

கொல்லன் என்றால் இரும்பு அடிப்பவன். பொன் வேலை செய்பவனைத் தனித்துக் காட்டத்தான் 'பொற்' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. அடைமொழி இல்லாமல் நின்றவன் இரும்புக் கொல்லனே! இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வெள்ளியங்கிரியில் பிறந்து, பேரூரையும் கோவையையும் தழுவி ஓடும் நொய்யல் ஆற்றின் கரையைப் பாருங்கள். ஆற்றோடு கிழக்கே போனால் ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல். பதிற்றுப்பத்து அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் குறிக்கும் கொடுமணம் அதுவே என்பர். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் வெளிப்பட்டவை எவை? இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். கோவையை அடுத்த வெள்ளலூரிலோ 1842 இலும் 1891 இலும் உரோமரின் வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு சொல்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்று உரோமாபுரியில் பிளினி புலம்பினார். கொங்கு மண்ணில் வெள்ளிக்காசு விளையவில்லை, தோழர்களே! உழைத்த கையைத் தேடிக் காசு வந்தது. உலை ஊதியவனையும் மணி கோத்தவளையும் தேடிக் கடல் கடந்து வந்தது. அன்றைய தமிழனுக்குக் கருநிற உலோகமும் பொன், வெண்ணிற உலோகமும் பொன். வயலைச் செழிக்க வைத்த காவிரி 'பொன்னி'. ஆண்டின் முதல் உழவு 'பொன்னேர்'. பயன்பட்டதெல்லாம் பொன்!

பிறகு அந்தப் பரந்த சொல் சுருங்கிற்று. ஒரே உலோகத்தின் பட்டயமாயிற்று. சுருங்கிய இடத்தில் பிறர் சொற்கள் வந்து குடியேறின. ஒவ்வொன்றும் ஓர் ஆதிக்கத்தின் முத்திரையோடு வந்தது.

முதலில் வந்தது 'சொர்ணம்'. நன்னிறம் என்று பொருள்படும் சுவர்ணத்தின் தமிழ் வடிவம். நிறத்தைக் குறித்த அதே 'வருணம்' என்னும் சொல்லால்தான் மனிதரையும் நான்காகக் கூறிட்டார்கள். நான்கிலும் அடங்காதவரைச் சேரிக்குத் தள்ளினார்கள். உலோகத்துக்கு நல்ல வருணம் என்பது புகழ்ச்சி. மனிதனுக்கு வருணம் என்பது விலங்கு! 'இரணியம்' என்பதும் பொன்னே. பிறப்பால் வந்த வருணத்தை மாற்ற முடியாது என்று சாதித்தவர்களே, மன்னனுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் 'ஹிரண்யகர்ப்பம்' என்னும் சடங்கில் பொற்கலத்துக்குள் இறங்கி ஏறினர். மறுபிறவி எடுத்ததாகக் கொண்டனர். பொன் தானமாகப் போயிற்று. பொன் இருந்தால் பிறப்பும் மாறும்! கழனியில் உழைத்தவனுக்கு அந்தக் கலம் கிடைக்குமா? அதே பொன்னைப் பெயரில் தாங்கிய இரணியனையோ புராணம் அரக்கன் ஆக்கிற்று. அவனை இணையற்ற வீரனாக்கிப் பாவேந்தர் பாரதிதாசன் படைத்த நாடகம் 1934 இல் மேடையேறியது.

அடுத்து 'வராகன்'. பன்றி அவதாரத்தைப் பொறித்த பொற்காசு, அவதாரமே நாணயமாயிற்று! அதன்பின் 'பவுன்'. இது நம் திருமண வீடுகளில் மங்கலச் சொல்லாக உலவுகிறது. பிறப்பு எங்கே? ஆங்கிலேயரின் 'பவுண்டு'! எடை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்து, முதலில் ஓர் இராத்தல் வெள்ளியின் மதிப்பைக் குறித்தது. 1817 முதல் அடிக்கப்பட்ட சவரன் என்னும் ஒரு பவுண்டு பொற்காசின் எடை ஏறத்தாழ 8 கிராம். மாற்று 22 காரட். அதனால்தான் இன்றும் நமக்கு ஒரு பவுன் 8 கிராம். வெள்ளையன் 1947 இல் வெளியேறினான். அவன் எடைக்கல் மட்டும் நம் பெண்களின் கழுத்தில் தொங்குகிறது! 'காரட்' என்பதோ கிரேக்கர் எடைக்கல்லாகக் கொண்ட ஒரு மரத்தின் விதை. நம்மவர் குண்டுமணியால் நிறுத்ததுபோல. விதையும் வெள்ளியும் எடையும் நிறமுமாகிய இந்தச் சாதாரணப் பெயர்களில் தெய்வம் எங்கே? இலட்சுமி எங்கே?

இந்த உலோகம் விண்மீன்கள் மோதிய வெடிப்பில் உருவாவது என்பதற்கு, 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த நிகழ்ச்சியை நோக்கிய அறிவியலார் சான்று கண்டனர். காற்றோடு கூடித் துருப்பிடிக்காத இயல்புடையது, அதனால் மங்காதது. அவ்வளவே அதன் மகிமை! ஆனால் 'அட்சய திருதியை' நாளில் விடியுமுன்னே கடை திறந்து, குண்டுமணி அளவாவது வாங்கினால் செல்வம் பெருகும் என்று கூட்டம் சேர்க்கிறார்கள். அட்சயம் என்றால் குறையாதது. வாங்குவோர் கையிருப்பு குறைகிறது, கடன் குறையவில்லை, கடைக்காரர் கணக்கில் சேதாரமும் செய்கூலியும் குறையவில்லை. ஆம், அட்சயந்தான்!

சரி, பொன்னோடு நாளெல்லாம் புழங்கியவர்களுக்காவது அது வாழ்வு தந்ததா? கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், வெந்து புழுங்கும் சுரங்கத்தில் பொன் வெட்டியவர்கள் யார்? வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். பொன் இலண்டனுக்குப் போயிற்று. கல்தூசு அவர்கள் நுரையீரலுக்குப் போயிற்று. 2001 இல் சுரங்கம் மூடப்பட்டது.

கோவைக்கே வாருங்கள். பொற்கொல்லர் பலர் வாழும் பகுதிக்குச் செல்வபுரம் என்று பெயர். செல்வம் பெயரில் இருக்கிறது! உமியோட்டின் முன் குனிந்து, ஊதுகுழலில் மூச்சைச் செலவிட்டு, கண்ணொளியை நகையில் பதித்துவிட்டுக் கூலியோடு வீடு திரும்புகிறவர் அவர். பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி, அரித்து, பொன்துகள் தேடிப் பிழைப்பவர்களும் இந்நகரில் உண்டு. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்யக்கூடாது என்றது. நாடெங்கும் பொற்கொல்லர் வேலை இழந்தனர், தற்கொலைகள் நிகழ்ந்தன. 1968 இல் அது தனிச்சட்டமாயிற்று; 1990 இல் நீக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளில் திருமணச் சந்தையில் பவுன் கேட்பது நின்றதா? நிற்கவில்லை! ஆசையைக் கட்டுப்படுத்தாமல் உலோகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். கேட்டவன் தப்பினான், தட்டியவன் மாண்டான்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். "பொன்னைப் பழிக்கிறீர்களே! கணவன் குடிகாரனானால், விளைச்சல் பொய்த்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு பெண்ணின் கையில் அடகு வைக்க இருப்பது அந்த இரண்டு பவுன்தானே? வங்கியும் வராத ஊரில் அதுதானே அவளுக்கு வங்கி?" என்பர். உண்மை. இந்த மறுப்பைச் சிரித்து ஒதுக்குகிறவன் ஏழை வீட்டு அடுப்பைக் கண்டறியாதவன். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நிற்கும் கேள்வியைக் கேட்போம்: பெண்ணுக்கு அந்த இரண்டு பவுன் மட்டுமே காப்பாக நின்றது ஏன்? தோட்டம் அண்ணனுக்கு, கிணறு தம்பிக்கு, வீடு இருவருக்கும். மகளுக்கு? நகை! "உனக்குத்தான் போட்டு அனுப்பிவிட்டோமே" என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த ஆவணத்தின் பெயர் என்ன? 'விடுதலைப் பத்திரம்'! தன் பங்கு நிலத்திலிருந்து மகளை வெளியேற்றும் ஏட்டுக்கு விடுதலை என்று பெயர்! தமிழில் இதைவிடக் கொடுமையான சொல்லாட்சி உண்டா?

நிலம் ஆண்டுதோறும் விளையும். ஆழ்துளைக் கிணறு இறக்கினால் மேலும் விளையும். சாலை வந்தால் மதிப்புப் பன்மடங்காகும். நகையோ விற்றால் ஒழிய ஒரு வேளைச் சோறு தராது. விற்கும் நாளில் சேதாரம் போய், செய்கூலி போய், மிச்சமே கைக்கு வரும். அண்ணனுக்கு விளையும் பொருள், தங்கைக்குத் தேயும் பொருள்: இதுவா சீர்? பொன் என்னும் சொல் எல்லா உலோகத்திலிருந்தும் ஓர் உலோகமாகச் சுருங்கியதுபோல, மகளின் உரிமை எல்லாச் சொத்திலிருந்தும் ஒரு நகைப்பெட்டியாகச் சுருங்கிற்று. சுருக்கியது இயற்கையா? இல்லை, மனிதர்! மனிதர் சுருக்கியதை மனிதர் விரிக்கலாம்.

விரிக்கத் தொடங்கியது நம் இயக்கம். 1929 இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியபோது நகைத்தவர் பலர். அறுபது ஆண்டு கழித்து, 1989 இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. முன்னரே மணமான மகளிரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005 இல் இந்தியா முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேலியையும் அகற்றியது. பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வரதட்சணைத் தடைச் சட்டமோ 1961 முதலே இருக்கிறது. அண்ணாவின் ஆட்சியில் 1967 இல் இயற்றப்பட்ட சட்டம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. உற்றார் நடுவே மாலை மாற்றினாலே போதும், திருமணம் நிறைவேறும். குண்டுமணிப் பொன்னும் வேண்டியதில்லை! மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில், 2011 இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016 இல் அது 8 கிராமாயிற்று. 2022 இல் அதே அம்மையார் பெயரில் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாயாக நிற்கிறது. தாலிக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது! இதுதான் சரியான உரைகல்லில் தேய்த்த பொன்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. வீட்டில்? அங்கேதான், இளைஞர்களே, உங்கள் வேலை இருக்கிறது. மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, தன் திருமணத்தில் "என் வீட்டார் கேட்டார்கள், நான் என்ன செய்ய?" என்று கைவிரிக்கும் கொள்கைவீரனை நம்பாதீர்கள். அவனாக நீங்களும் ஆகாதீர்கள். உங்களுக்குப் பெண் தேடும்போது பவுன் கணக்கு எழுந்தால், எழுந்து நில்லுங்கள். அதைவிடக் கடினமான ஒன்று உண்டு: உங்கள் தங்கையின் கையில் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் நாளில், பேனாவைத் தடுங்கள். பிறர் வீட்டு வரதட்சணையை எதிர்ப்பதற்கு நாக்குப் போதும். தன் பங்கில் பாதியைத் தங்கைக்கு ஒப்புவதற்கு நெஞ்சு வேண்டும்.

கொங்கு நாட்டில் சொத்தில் பங்குடைய உறவினனைப் 'பங்காளி' என்று அழைக்கிறோம். நல்ல தமிழ்ச்சொல், பங்கை ஆள்பவன் என்று அதுவே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் மகளுக்கு இதுவரை இடமில்லை. இரும்பையும் பொன் என்றே அழைக்கும் அளவுக்கு அகன்ற உள்ளத்தோடு சொல் படைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். மகளையும் பங்காளி என்று அழைக்க நமக்கு நா எழாதா?